பொறியும் பொதிமாடும்: மரக்காணக் கடற்கரைப் போர்களில் சுமை சுமந்தோர்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், ஆயர் குலத்து முதுமகளாகிய மாதரி கண்ணகியைத் தன் இல்லத்திற்கு அழைத்துச் செல்கின்றாள். அவ்விருவரும் கடந்து செல்லும் மதுரைக் கோட்டை மதிலின் மேல் இருந்த பொறிகளை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் காட்டுகின்றார். தானே வளைந்து அம்பு எய்யும் வில், கல் எறியும் கவண், காய்ந்த நெய் நிறைந்த மிடா, குரங்கு வடிவிலும் பன்றி வடிவிலும் அமைந்த எந்திரங்கள் என அப்பட்டியல் நீள்கின்றது. இக்கால அறிவியல் புனைகதைகளில் வேற்றுலகப் போர் எந்திரங்களைக் காணும் இளைஞர் அடையும் வியப்பை, அக்காலத்துத் தமிழ் மக்கள் இப்பட்டியலைக் கேட்டு அடைந்திருத்தல் கூடும். ஆயினும், மதுரை அழிந்த நாளில் இப்பொறிகளுள் ஒன்றேனும் நகரத்தைக் காக்கவில்லை. தீ மதிலுக்கு உள்ளிருந்தே எழுந்தது. பொறிகள் மதிலின்மேல் நிற்க, நகரம் எரிந்தது.

சீவக சிந்தாமணியிலும் ஒரு பொறி உண்டு. பகைவனால் வளைக்கப்பட்ட சச்சந்தன், கருவுற்ற தன் அரசியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானவழியே அனுப்புகின்றான். அப்பொறி அவளைச் சுமந்து சென்று இடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான். மேலைநாட்டில் எச். ஜி. வெல்சு 1903ஆம் ஆண்டு எழுதிய சிறுகதை ஒன்றில், அகழிகளைத் தாண்டி ஊர்ந்து செல்லும் இரும்புக் கோட்டைகளைக் கற்பனை செய்தார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1916 செப்டம்பர் 15ஆம் நாள், பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் டாங்கிகள் முதன்முதலாக இறங்கின. கற்பனை மெய்யாயிற்று. ஆனால் கதையில் ஓயாது ஊர்ந்த எந்திரங்களுக்கு மாறாக, களத்திற்கு வந்தவற்றுள் பல பழுதுற்றும் சேற்றில் சிக்கியும் நின்றுவிட்டன.

புலவரும் கதைஞரும் படைக்கும் பொறிகளுக்குப் பொதுவானதோர் இயல்பு உண்டு. அவை பசிப்பதில்லை. மயிற்பொறிக்குத் தீனி வைத்தவர் யார், மதுரை மதிலின் மிடாவுக்கு விறகு சுமந்தவர் யார் என்று காப்பியம் கேட்பதில்லை. வரலாற்றுப் பொறிகளோ பசித்தன. ஒரு போர்க்கருவி எப்போது வழக்கொழிகின்றது என்னும் வினாவிற்கு, அதனினும் வலிய கருவி தோன்றும்போது என்பதே பொதுவாகக் கூறப்படும் விடை. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை நீளும் கடற்கரையின் 18ஆம் நூற்றாண்டு வரலாறு வேறொரு விடையைத் தருகின்றது. சுமப்பவர் இல்லாத நாளிலேயே பொறி பழம்பொருள் ஆகிவிடுகின்றது என்பதே அவ்விடை.

உப்பளமும் செம்மண் மேடும்

மரக்காணம் தொன்மையானதோர் ஊர். சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுவே என அறிஞர் சிலர் கருதுவர். எயில் என்பது மதில். எனவே மதில் சூழ்ந்த பட்டினம் என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஊரை ஒட்டிய கழிநிலத்தில் உப்பளங்கள் விரிந்துள்ளன. பாத்திகளில் கடல்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்கும் தொழில் இன்றும் தொடர்கின்றது.

உப்பு விளையும் இடத்தில் வண்டியும் இருக்கும். சங்கப் பாடல்கள் காட்டும் உமணர், உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்ற வணிகர். மேட்டிலும் பள்ளத்திலும் அச்சு முறியும் என்று அஞ்சி, மாற்று அச்சு ஒன்றைக் கூடவே கட்டிச் செல்வது அவர்கள் வழக்கம். ஔவையார் புறநானூற்றுப் பாடல் ஒன்றில் அதனைத் தலைவன் ஒருவனுக்கு உவமை ஆக்கியிருக்கின்றார். வழியில் நேரக்கூடிய இடரை முன்னரே எண்ணி, அதற்குரிய பொருளைச் சுமந்து செல்லும் அறிவே படை நடத்தலின் அடிப்படை ஆகும். அவ்வறிவு இக்கடற்கரையில் போர்ப் பாசறையில் தோன்றியதன்று. உப்பு வண்டியில் தோன்றியது எனலாம்.

மரக்காணத்திலிருந்து தெற்கே சென்றால், புதுச்சேரியை அடையுமுன் கடலுக்கு மேற்கே செம்மண் மேட்டுநிலம் ஒன்று உயர்கின்றது. மழைநீர் அரித்த ஓடைகளும் பனைகளும் நிறைந்த அம்மேட்டில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், இடையஞ்சாவடி என்னும் சிற்றூர் உள்ளது. 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில் நகரம் இதனை அடுத்தே வளர்ந்தது. ஊர்ப்பெயரைப் பிரித்து நோக்கின் இடையன், சாவடி என்னும் இரு சொற்கள் கிடைக்கின்றன. முன்னது ஆநிரை மேய்ப்பவனைக் குறிக்கும். பின்னது வழிச்செல்வோர் தங்கும் இடத்தைக் குறிக்கும். மாடும் வழியும் ஒருங்கே அமைந்த பெயர் இது. புதுச்சேரியை முற்றுகையிட வந்த ஆங்கிலப் படைகள் பாசறை அமைத்த இடமாக வரலாற்று நூல்கள் குறிக்கும் செம்மேடும் இந்நிலத்தொடரைச் சார்ந்ததே. உயரமான இடம், நல்ல காற்று, நகரத்தையும் கடலையும் ஒருங்கே நோக்கும் வாய்ப்பு ஆகியவை படைத்தலைவர்களை இங்கு ஈர்த்தன.

இந்நிலப்பகுதியைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாகக் கோட்டைகள் இருந்தன. மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்துக் கழிமுகத்தில் ஆலம்பரைக் கோட்டை நின்றது. அதன் துறையிலிருந்து உப்பும் நெய்யும் கப்பலேறின. 1750இல் முசபர் சங்கு அதனைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார். மரக்காணத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே பெருமுக்கல் மலைக்கோட்டை இருந்தது. மேற்கே செஞ்சியும், வடமேற்கே வந்தவாசியும் இருந்தன. இவ்வெல்லாக் கோட்டைகளுக்கும் நடுவே போரின் பரிசுப் பொருளாக நின்றது புதுச்சேரி.

பீரங்கியின் பசி

போரின் நிகழ்ச்சிகளைக் காணுமுன் அதன் கணக்கைக் காண்பது நன்று. மதிலை உடைக்கப் பயன்பட்ட முற்றுகைப் பீரங்கிகளுள் 24 ராத்தல் எடையுள்ள குண்டை எறிவது ஒரு வகை. வெறுங்குழல் மட்டும் ஏறத்தாழ இரண்டரை டன் எடை இருக்கும். மணலிலும் வண்டல் நிலத்திலும் அதனை நகர்த்தப் பத்துக்கணக்கான ஏர்மாடுகள் தேவைப்பட்டன. குண்டுகளுக்கும் வெடிமருந்துக்கும் தனி வண்டிகள் வேண்டும். வெடிமருந்தின் முக்கால் பங்கு வெடியுப்பு. எஞ்சியவை கரியும் கந்தகமும். ஈரம் பட்டால் அது பயனற்றுப்போகும். உப்புக்காற்று வீசும் கழிநிலத்தில் அதனை உலர்வாகக் காப்பது தனியொரு பணி.

படைவீரரும் உண்ண வேண்டும். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒரு கிலோ அரிசி எனக் கொண்டால், 10,000 பேர் கொண்ட பாசறைக்கு நாள்தோறும் 10 டன் அரிசி வேண்டும். ஒரு பொதிமாடு 100 கிலோ சுமக்கும் எனில், ஒரு நாள் உணவிற்கு 100 மாடுகள். பத்து நாள் உணவைச் சுமந்து செல்ல 1,000 மாடுகள். 18ஆம் நூற்றாண்டுப் படைகளில் போரிடுவோரினும் பின்தொடர்வோரே மிகுதி. மாடோட்டிகள், சுமைகூலிகள், புல் அறுப்போர், தண்ணீர் சுமப்போர், கடைக்காரர், அவர்தம் பெண்டு பிள்ளைகள் ஆகியோரையும் சேர்த்தால் இக்கணக்குப் பன்மடங்கு ஆகும். மாடுகளும் தின்ன வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் கழிநிலத்தில் அவற்றுக்குப் புல் கிடைப்பது அரிது. ஆகவே, மாடு சுமக்கும் பொருளில் ஒரு பகுதி மாட்டிற்கே செலவாயிற்று.

இந்நிலை இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நீராவிக் கப்பலும் புகைவண்டியும் வந்தபின் நடந்த முதல் உலகப் போரில், பிரித்தானியா பிரான்சிலிருந்த தன் படைக்குக் கடல்கடந்து அனுப்பிய பொருள்களுள் ஏறத்தாழ 52 லட்சம் டன் வெடிபொருள். கால்நடைத் தீவனமோ ஏறத்தாழ 54 லட்சம் டன். டாங்கி பிறந்த போரிலும் குண்டினும் வைக்கோலும் புல்லரிசியுமே மிகுதியாகப் பயணம் செய்தன என்பது எண்ணுதற்குரியது.

சுமக்க இயலாத கருவி என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சையில் ஒரு சான்று உண்டு. இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி இணைத்துச் செய்யப்பட்ட பெரும் பீரங்கி, ஏறத்தாழ 22 டன் எடையுடன் கீழவாசலில் இருக்கின்றது. தமிழர் உலோகத் தொழில் திறத்திற்கு அது ஒரு பெருமை. ஆனால் அத்தகைய பீரங்கி போரைத் தேடிச் செல்ல இயலாது. போர்தான் அதனைத் தேடி வர வேண்டும். அது நிற்கும் இடத்திற்குப் பீரங்கிமேடு என்றே பெயர் வழங்கலாயிற்று.

லாலி கண்ட தோல்வி

1758 ஏப்ரல் 28ஆம் நாள் பிரெஞ்சுப் படைத்தலைவர் லாலி புதுச்சேரியில் வந்திறங்கினார். துணிவும் விரைவும் உடையவர். வந்த அன்று இரவே கடலூர்ப் பக்கம் படை ஒன்றை ஏவினார். அப்படைக்கு உணவும் இல்லை, வழிகாட்டிகளும் இல்லை. வீரர் பசியோடு நடந்தனர். தொடர்ந்து புனித தாவீது கோட்டையை முற்றுகையிடப் பீரங்கிகளை இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. போதிய மாடுகள் இல்லை. லாலி நகர மக்களைப் பிடித்து, குலவேறுபாடு எதனையும் கருதாமல், சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஏவினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அக்காலச் சமுதாயத்தில் இஃது எத்தகைய கலக்கத்தை விளைத்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கோட்டை சூன் 2ஆம் நாள் வீழ்ந்தது. ஆனால் அவ்வெற்றியோடு லாலி வேறொன்றை இழந்தார். கூலிக்கு மாடு தருபவரும் நெல் கொணர்பவரும் அவரை நம்ப மறுத்தனர்.

அந்த ஆண்டின் சூலையில் அவர் பணம் தேடித் தஞ்சைமேல் படையெடுத்தார். உணவும் வெடிமருந்தும் குன்றவே, ஆகத்து மாதத்தில் முற்றுகையை விட்டு, கனத்த பீரங்கிகளைக் கைவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பினார். 1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். அப்போது கும்பினியார் பக்கம் நின்ற முகம்மது யூசுப் கான், அதாவது மருதநாயகம், செங்கற்பட்டுப் பகுதியிலிருந்து பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் தாக்கிக்கொண்டே இருந்தார். மதிலை உடைக்க வந்தவர்கள் தங்கள் மாட்டையும் மூட்டையையும் காக்கவே பெரும்படையை ஒதுக்க நேர்ந்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் துணைக்கு வந்ததும் லாலி பின்வாங்கினார். ஐம்பது அளவிலான பீரங்கிகள் சென்னையின் முன் விடப்பட்டன. அவை பழுதானவை அல்ல. இழுத்துச் செல்ல மாடுகள் இல்லாததால் பயனற்றுப் போனவை.

1760 சனவரி 22ஆம் நாள் வந்தவாசிப் போரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை லாலியை முறியடித்தது. பிரெஞ்சு அணியின் இடப்பக்கத்தில் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்ததும், அதனால் எண்பது பேர் வரை மடிந்தும் காயமுற்றும் வீழ்ந்ததும் போரின் திருப்பம் ஆயிற்று. சுமை வண்டியே அன்று படைக்குக் கூற்றாயிற்று. மார்ச்சு மாதத்தில் கூட் பெருமுக்கல்லைப் பிடித்தார். அதே மாதத்தில் ஆலம்பரையும் வீழ்ந்தது. ஆலம்பரையின் வீழ்ச்சி நூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றது. ஆனால் உப்பும் நெய்யும் ஏற்றிய அத்துறை கைமாறியதும், புதுச்சேரிக்கு வடக்கே இருந்த கடற்கரை அடைபட்டது. கோட்டை பின்னர் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது. இன்று கழிமுகத்தில் செங்கல் மதில்களின் எச்சங்களே நிற்கின்றன.

நொச்சி சூடிய நகரம்

புறப்பொருள் இலக்கணம் மதிலை வளைப்போர் செயலை உழிஞை என்றும், அதனைக் காப்போர் செயலை நொச்சி என்றும் வகுக்கும். மதிலைச் சூழ்ந்து மிளை என்னும் காவற்காடு இருக்க வேண்டும் என்பது பழந்தமிழர் கோட்டை மரபு. புதுச்சேரிக்கு வெளியேயும் அத்தகைய காவல் ஒன்று இருந்தது. முள்மரங்களும் கள்ளியும் கற்றாழையும் அடர்ந்த வேலி நகரத்தை வளைத்து நின்றது. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், சென்னை ஆகிய திசைகளுக்குச் செல்லும் வழிகளில் காவற்கொத்தளங்கள் இருந்தன. அவ்வேலிக்கும் மதிலுக்கும் இடைப்பட்ட நிலத்தில் மாடுகள் மேயவும் பயிர் விளையவும் இடம் இருந்தது. ஆகவே அவ்வேலி மதிலுக்கு அரண் ஆனதோடு, மேய்ச்சல் நிலத்திற்கும் அரணாய் நின்றது.

லாலி இதனை அறியாதவர் அல்லர். மைசூரில் எழுச்சி பெற்றுவந்த ஐதர் அலியோடு உடன்படிக்கை செய்தார். 1760 சூலையில் மக்தூம் அலி தலைமையில் மைசூர்ப் படை உணவுப் பொதிகளோடு வந்தது. தடுக்கச் சென்ற ஆங்கிலப் பிரிவைத் திருவதிகைப் பகுதியில் அது முறியடித்தது. ஆயினும் அது கொணர்ந்த உணவு நீண்ட முற்றுகைக்குப் போதவில்லை. மைசூரில் ஐதர் அலிக்கு எதிராகக் கண்டே ராவின் சூழ்ச்சி எழுந்ததும் அப்படை திரும்பியது. செப்டம்பரில் முள்வேலியும் கொத்தளங்களும் ஆங்கிலேயர் வசமாயின. மேய்ச்சல் நிலம் போயிற்று. எஞ்சியது பசி.

நவம்பர் இறுதியில் லாலி, உணவை மிச்சப்படுத்தும் பொருட்டு, நகரத்துத் தமிழ் மக்களுள் ஏறத்தாழ 1,400 பேரை வெளியேற்றினார். ஆண்களும் பெண்களும் பிள்ளைகளுமாக வந்த அவர்களை ஆங்கிலேயர் வேலியைத் தாண்ட விடவில்லை. திரும்பி வந்தவர்களை நகரமும் ஏற்கவில்லை. மதிலுக்கும் வேலிக்கும் இடையே, கிழங்கும் வேரும் தேடித் தின்று, ஒரு வாரத்திற்கும் மேலாக அவர்கள் அலைந்தனர். பின்னரே கூட் அவர்களுக்கு வழிவிட்டார். பீரங்கி இழுக்கப் பிடிக்கப்பட்ட நகரம் இது. இழுப்பதற்குப் பீரங்கியும் ஊட்டுவதற்கு அரிசியும் இல்லாதபோது அம்மக்கள் சுமையாகக் கருதப்பட்டனர்.

1760 டிசம்பர் 31ஆம் நாள் இரவு, வங்கக் கடலின் புயல் ஆங்கிலக் கப்பற்படையைத் தாக்கியது. 2011இல் தானே புயலையும், 2024இல் ஃபெஞ்சல் புயலையும் கண்ட இக்கடற்கரை மக்களுக்கு அவ்விரவு எத்தகையது என்பதை விளக்க வேண்டா. மூன்று கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின. வேறு மூன்று கரையில் மோதிச் சிதைந்தன. ஏறத்தாழ 1,100 பேர் மாண்டனர். மூழ்கிய கப்பல்களிலிருந்து பிழைத்தவர் பதினால்வர். அவருள் எழுவர் ஐரோப்பியர், எழுவர் இந்நாட்டு மாலுமிகள். பாசறைக் கூடாரங்கள் பறந்தன, பீரங்கி மேடைகள் சரிந்தன, வெடிமருந்து நனைந்தது. சில மணி நேரம் முற்றுகை என்பதே இல்லாதிருந்தது. ஆனால் உள்ளிருந்த படைக்கு வெளியே பாயும் வலிமை இல்லை. சில நாட்களுக்குள் வேறு கப்பல்கள் வந்து கடலை மீண்டும் அடைத்தன.

1761 சனவரி 16ஆம் நாள் ஆங்கிலேயர் புதுச்சேரிக்குள் நுழைந்தனர். யானையும் ஒட்டகமும் உணவாகித் தீர்ந்திருந்தன. வென்றவர்கள் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 500 பீரங்கிகளும், 100 அளவிலான மார்ட்டர் முதலிய குறும்பீரங்கிகளும், மிகுதியான வெடிபொருளும் நகரத்தில் இருந்தன. பொறிக்குக் குறைவில்லை, சோறு மட்டுமே இல்லை. மதுரை மதிலின் பொறிகளைப் போலவே புதுச்சேரிப் பொறிகளும் மதிலின்மேல் நின்றன. கால் நூற்றாண்டுக் காலம் நகரத்தின் வணிகத்தையும் அரசியலையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன்னரே மறைந்தார். லாலி நாடு திரும்பி விசாரணைக்கு ஆளாகி, 1766இல் பாரிசில் தலை வெட்டுண்டார்.

கடற்கரையைப் பற்றி நடந்த படை

இருபது ஆண்டுகளுக்குப் பின் அதே அயர் கூட் அதே நிலத்தில், லாலி பட்ட இடரைத் தாமே பட நேர்ந்தது. 1780இல் ஐதர் அலி கருநாடகத்தின்மேல் படையெடுத்து, ஆங்கிலப் படைக்கு உதவக்கூடிய மாடும் நெல்லும் கிடைக்காதவாறு நாட்டைப் பாழாக்கினார். 1781 சனவரியில் கூட் கருங்குழியையும் வந்தவாசியையும் பெருமுக்கல்லையும் கடந்து புதுச்சேரியை அடைந்தார். மாடுகள் குறைவாதலின் அவர் உள்நாட்டிற்குள் செல்ல இயலவில்லை. கடலை ஒட்டியே நடந்து, கப்பலில் வரும் அரிசியை நம்பி வாழ்ந்தார். அவர் செம்மேட்டில் தங்கியிருந்தபோது பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் தோன்றியது. அது கடலை அடைத்து நின்றிருந்தால் கூட்டின் படை பட்டினியால் அழிந்திருக்கும். ஆனால் அதன் தலைவர் தோர்வு பிப்ரவரியில் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கூட் அதன்பின் சூன் வரை கடலூர்ப் பகுதியிலேயே அடைபட்டிருந்தார். 1781 சூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டைப் போரில் வென்றபோதும் துரத்திச் செல்ல அவரிடம் மாடுகள் இல்லை.

இக்கரையில் அக்காலத்தில் கப்பல் அணையும் துறைமேடை இல்லை. அரிசி மூட்டையாயினும் பீரங்கிக் குழலாயினும் அலைகளைக் கடந்து கரைசேரச் சலங்கும் கட்டுமரமும் வேண்டும். சலங்கு என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. அலையின் அடிக்கு நெகிழ்ந்து கொடுப்பதால் ஆணி அடித்த படகினும் இங்கு ஏற்றது. அதனைச் செலுத்த மீனவர்களே அறிவர். கடல் வல்லரசுகள் இரண்டின் பெரும்போர், இறுதி ஒரு மைல் தொலைவில், தைத்த படகையும் அதன் துடுப்பையும் நம்பியிருந்தது.

நிலத்தில் அவ்விடத்தை வகித்தவர்கள் இலம்பாடியர். பெருந்திரளான பொதிமாடுகளோடு தக்காணம் முழுதும் தானியம் கொண்டு சென்ற அவர்கள், திரும்பும்போது கடற்கரை உப்பை ஏற்றிச் சென்றனர். படைகள் அவர்களை வேண்டி அழைத்தன. ஐதர் அலியின் விரைவுக்குக் காரணம் மைசூர் அரசு போற்றி வளர்த்த மாட்டினம். பிற்காலத்தில் அமிர்தமகால் எனப் பெயர்பெற்ற அம்மாடுகளைப் பின்னர் ஆங்கிலேயரும் தம் படைக்குக் கொண்டனர். 1791 மே மாதத்தில் காரன்வாலிசு சீரங்கப்பட்டணத்தின் அருகே வரை சென்றும், மாடுகள் மடிந்தமையால் தம் முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுத் திரும்பினார். பகைவன் கைப்படாமல் இருக்க அவ்வாறு செய்தார். அடுத்த ஆண்டு அவர் வென்றதற்கு, இலம்பாடியர் கொணர்ந்த தானியம் ஒரு முதற்காரணம்.

வெட்சியும் நடுகல்லும்

தொல்காப்பியர் புறத்திணைகளுள் வெட்சியை முதலில் வைத்தார். பகைவர் ஆநிரையைக் கவர்வதில் போர் தொடங்குகின்றது என்பது அதன் கருத்து. இதனைப் பழங்குடி மக்களின் எளிய பூசலாக மட்டும் காண்பது உரையாசிரியர்க்குப் பின்வந்தோர் பலரின் வழக்கம். 1760ஐயும் 1781ஐயும் கற்றபின் அவ்வாறு காண இயலாது. மாட்டைக் கவர்ந்தவன் பகைவனின் காலைக் கவர்கின்றான். யூசுப் கான் உணவு வழிகளைத் தாக்கியதும், ஐதர் அலி நாட்டை வெறுமையாக்கியதும், பீரங்கிக் காலத்து வெட்சி அன்றி வேறென்ன?

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில், நிரை கவர்ந்தும் நிரை மீட்டும் மாண்ட வீரர்கள் பெயரோடு நிற்கின்றனர். பல்லவர் ஆட்சியாண்டும், வீரனின் பெயரும், அவன் மாண்ட பூசலும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. மாட்டின் பொருட்டு இறந்தவனை அச்சமுதாயம் மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின், அதே தொண்டை நாட்டில், ஆயிரக்கணக்கான மாடுகளை ஓட்டிப் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள் படைத்தலைவர்களின் மடல்களில் எண்ணிக்கையாகவே இடம்பெற்றனர். எத்தனை மாடு, எத்தனை மூட்டை, எத்தனை கூலி என்னும் வரிசையில் அவர்கள் நின்றனர். பாலும் நெய்யும் விற்ற மாதரியின் பெயரை ஒரு காப்பியம் சுமந்தது. பீரங்கிக் காலத்து மாடோட்டிக்குக் கல்லும் இல்லை, காப்பியமும் இல்லை.

அமைதி திரும்பியபின் அதே சுமை வேறு வழியில் சென்றது. 1805இல் கும்பினியார் சென்னை மாகாணத்து உப்பைத் தம் தனியுரிமை ஆக்கினர். 19ஆம் நூற்றாண்டில் தெற்கே மரக்காணம் வரை நீண்ட பக்கிங்காம் கால்வாயில் படகுகள் உப்பும் விறகும் ஏற்றிச் சென்றன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் உணவின்றி வந்தவர்களின் உழைப்பும் அக்கால்வாயில் கலந்துள்ளது. சுமந்தவர்கள் மாறினர், சுமை மாறவில்லை.

பழைய போர்ப்பொறிகள் இன்று காட்சிப் பொருள்களாகி மதிப்புப் பெறுகின்றன. அருங்காட்சியகங்களில் பீரங்கிகளின் எடையும் ஆண்டும் எழுதி வைக்கப்படுகின்றன. ஆவடியில் உருவாகிப் பணி நிறைவுற்ற விசயந்தா டாங்கிகளும் மேடைகளில் நிற்கின்றன. அவற்றைக் காட்டிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்வது நன்றே. அப்போது இவற்றை இழுத்தது எது, ஊட்டியவர் யார் என்னும் வினாவையும் அவர்களிடம் எழுப்ப வேண்டும். ஆலம்பரையின் இடிந்த மதிலைக் காணச் செல்வோர், மரக்காணத்து உப்பளத்தையும் அதில் உழைப்போரையும் அவ்வரலாற்றின் பகுதியாகக் காண வேண்டும். இவ்வட்டாரத்துச் சாவடிகள், மாட்டுச் சந்தைகள், பழைய வண்டித்தடங்கள், உப்பு அளவைகள், படகுச் சொற்கள் ஆகியவற்றை ஊர்தோறும் சென்று தொகுப்பது இளம் ஆய்வாளர் முன்னுள்ள பணி. அச்சொற்களை வழங்கும் முதியோர் இருக்கும்போதே அது நிறைவேற வேண்டும்.

தஞ்சையில் ஒரு பீரங்கி தன் பெயரை ஒரு மேட்டிற்கு விட்டுச் சென்றது. மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே, செம்மண் மேட்டில், இடையன் ஒருவன் தன் பெயரை ஒரு சாவடிக்கு விட்டுச் சென்றான். புதுச்சேரியின் மதிலும் முள்வேலியும் மறைந்தன; அவற்றை இடிக்க வந்த பீரங்கிகளும் மறைந்தன. இடையஞ்சாவடி இன்றும் மக்கள் வாழும் ஊராக இருக்கின்றது.